பாட்டி புத்தகத்துல இருக்கிற ஆழாக்கு இன்னைக்கு எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய சமையல் புத்தகங்களப் பத்தி ரெண்டே பாராதான் எழுதியிருந்தேன், அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கவே இல்ல. அலமாரியில இருக்கிற பழைய புத்தகத்தோட அட்டையை போட்டோ எடுத்து அனுப்பினவங்க, கல்யாணத்துக்கு வந்த டைரியில அம்மா எழுதிக்கொடுத்ததை ஸ்கேன் பண்ணி அனுப்பினவங்கன்னு நிறைய பேர். எல்லாத்துக்கும் இடம் இல்ல, ஏழு கேள்வியை மட்டும் எடுத்துக்கறேன்.

அக்கா, என் பாட்டியோட 'சமைத்துப் பார்' என்கிட்ட இருக்கு, ரொம்பப் பழைய பதிப்பு. ஆழாக்கு, படி, பலம்னு அளவு போட்டிருக்கு. நெட்ல தேடி கிராமுக்கு மாத்தி வத்தக்குழம்பு வச்சேன், வாயில வைக்க முடியாத உப்பு, புளிப்பு. எங்க தப்பு?
– கும்பகோணம் வாசகி

முதல்ல அந்தப் புத்தகத்தை பத்திரமா வச்சுக்கோங்க. மீனாட்சி அம்மாள் அதை முதன்முதல்ல 1951ல வெளியிட்டாங்க. சின்ன வயசுலயே கணவரை இழந்தவங்க, சொந்தக்காரப் பொண்ணுங்க எல்லாம் இது எப்படி பண்றது அது எப்படி பண்றதுன்னு கேட்டுக்கிட்டே இருக்க, ஒரு உறவுக்காரர் இதை புத்தகமாவே எழுதிடேன்னு சொல்லி எழுத வச்சாராம். அப்போ நம்ம நாட்டுல கிலோ, லிட்டர் வரல. மெட்ரிக் அளவுக்கான சட்டமே 1956லதான் வந்துச்சு, கடைத்தெருவுல பழக்கமாக இன்னும் சில வருஷம் ஆச்சு. அதனால அவங்க வீட்டுல எந்தப் பாத்திரத்தால அளந்தாங்களோ அதைத்தான் எழுதினாங்க.

கணக்கு இதுதான். ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி, ஆகமொத்தம் எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆனா படி ஊருக்கு ஊர் வேற! பட்டணம் படின்னு சொல்ற பெரிய படி சுமார் 1.6, 1.7 லிட்டர் பிடிக்கும், அதுல ஆழாக்கு 200 மில்லிக்கு மேல வரும், சின்னப் படி புழங்கின ஊர்ல 170 மில்லி பக்கத்துல நின்னுடும். எடைக்கு வந்தா ஒரு ரூபா எடைன்னா பழைய வெள்ளி ரூபாயோட எடை, 11.66 கிராம், மூணு ரூபா எடை ஒரு பலம், அதாவது 35 கிராம், நாப்பது பலம் ஒரு வீசை, 1.4 கிலோ. சேர்னு எங்கயாவது பார்த்தா கொஞ்சம் நின்னு யோசிங்க, நம்ம சென்னை சேர் எட்டு பலம், 280 கிராம்தான், வடக்க சேர்னா 80 தோலா (தோலான்னா அதே ரூபா எடைதான்), 930 கிராமுக்கு மேல.

இப்போ உங்க குழம்புக்கு வரேன். அரிசியும் பருப்பும் ரெண்டுமே ஆழாக்குல சொல்லியிருந்தா நீங்க எந்த டம்ளரால அளந்தாலும் பிரச்சனை இல்ல, விகிதம் மாறாது. சிக்கல் எங்க வரும்னா ஒண்ணு படியாலயும் இன்னொண்ணு பலத்தாலயும் சொல்லியிருக்கிற இடத்துலதான். தண்ணிய சின்ன ஆழாக்கு கணக்குல குறைச்சு ஊத்திட்டு புளியை மட்டும் சரியா 35 கிராம் போட்டா புளிக்காம என்ன செய்யும்? அப்புறம் உப்பு. அந்தக் காலத்துல எல்லார் வீட்டுலயும் மரவைல கல் உப்புதான், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இடைவெளி இருக்கும், அதே கரண்டியில தூள் உப்பை நிரப்பினா எடை நல்லாவே கூடிடும். நீங்க கண்டிப்பா தூள் உப்புதான் போட்டிருப்பீங்க. அடுத்த தடவை உப்பைப் பாதியில ஆரம்பிங்க, இல்லன்னா ஒரு பாக்கெட் கல் உப்பு வாங்கிடுங்க.

பாட்டி வீட்டுல பித்தளை ஆழாக்கு கிடந்தா அதைத் தேடி எடுத்து தண்ணி நிரப்பி மெஷின்ல எடை போடுங்க, எத்தனை கிராம் காட்டுதோ அத்தனை மில்லி. அந்த நம்பரை புத்தகத்தோட முதல் பக்கத்துல பென்சிலால எழுதி வைங்க. உங்க பாட்டி அந்தப் புத்தகத்தை வச்சு சமைச்ச அளவு அதுதான், நெட்ல வர்ற எந்தக் கணக்கும் அதுக்கு ஈடாகாது.

இந்தியாவுல ரொம்பப் பழைய சமையல் புத்தகம் எது? தமிழ்ல இருந்துச்சா? இட்லி அதுல இருக்கா?
– தர்மபுரி வாசகர்

தம்பி, தமிழ்ல சமையலுக்குன்னு நூல் இருந்துச்சுங்கிறதுக்கு சாட்சி இருக்கு. சிறுபாணாற்றுப்படையில ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் வீட்டுக்குப் போனா எப்படி சோறு போடுவான்னு பாணன்கிட்ட சொல்ற இடத்துல 'பனுவலின் வழாஅப் பல்வேறு அடிசில்'னு ஒரு வரி வருது. வீமன் எழுதின சமையல் நூல்ல சொன்னதுல இருந்து கொஞ்சமும் பிசகாம சமைச்ச பலவகை சாப்பாடு, அதைத் தானே பக்கத்துல நின்னு பரிமாறுவானாம். மணிமேகலையில ஆடல்மகளிர் படிக்கிற கலைகளோட பட்டியல்ல 'மடைநூற் செய்தி'யும் இருக்கு, மடைநூல்னா சமையல் நூல்தான். வீமனும் நளனும் சமையலுக்கு ஆதி ஆசிரியர்கள்னு ஒரு நம்பிக்கை நாடு முழுக்க இருந்திருக்கு, நாம இன்னைக்கும் நளபாகம்னு வாய் நிறைய சொல்றோமே.

கையில கிடைக்கிறதுல, நம்ம பக்கத்துலயே, கன்னடத்துல 1025 வாக்குல சாவுண்டராயர் எழுதின 'லோகோபகாரம்' இருக்கு. மழை, கிணறு, மாடு, மருந்துன்னு குடும்பம் நடத்த வேண்டிய எல்லாமும் உள்ள நூல், அதுல சமையலும் ஒரு பகுதி. உளுந்தை மோர்ல ஊற வச்சு, நைசா அரைச்சு, தயிர்த் தெளிவு விட்டு சீரகம் மல்லி மிளகு பெருங்காயம் சேர்க்கச் சொல்லுது, அதுதான் இட்லி. அரிசி கிடையாது! ராத்திரி முழுக்கப் புளிக்க வைக்கிறதும் ஆவியில வேக வைக்கிறதும்கூட அந்தக் காலத்து எழுத்துல காணோம்னு உணவு வரலாறு எழுதின கே.டி. அச்சயா எடுத்துச் சொல்லியிருக்கார். அதனால ஆயிரம் வருஷமா இட்லி இருக்குன்னு நாம சொல்றது பேரளவுல சரி, தட்டுல வர்ற பொருள் அளவுல இல்ல.

அதுக்கு நூறு வருஷம் கழிச்சு, 1130 வாக்குல, கல்யாணியில ஆண்ட சாளுக்கிய ராஜா மூணாம் சோமேஸ்வரன் சமஸ்கிருதத்துல 'மானசோல்லாசம்' எழுதினார். ஒரு ராஜா என்னென்ன அனுபவிக்கணும்னு வரிசையா சொல்ற நூல், அதுல அன்னபோகம்னு ஒரு அத்தியாயம். தோசைக்கு அண்ணன் மாதிரி ஒண்ணு, வடை, பூரி எல்லாம் இருக்கு, ஆமை இருக்கு, வயல் எலியை மயிர் போக்கி மசாலா போட்டு சுடுறதும் இருக்கு. எலிக்கறின்னா முகம் சுளிக்கிறவங்களுக்கு இதை நான் தவறாம சொல்லுவேன், ஒரு சக்கரவர்த்தி தன் கைப்பட விருந்துன்னு எழுதி வச்சது அது, நம்ம டெல்டாவுல அறுப்பு முடிஞ்ச வயல்ல எலி பிடிச்சு சமைக்கிறவங்க பண்றதும் அதே சமையல்தான். 1508ல மூணாம் மங்கரசன் 'சூப சாஸ்திரம்'னு கன்னடத்துல பாட்டாவே எழுதினார், அது முழுக்க சைவம், அவர் சமணர். கத்திரிக்காய்க்கும் வாழைக்காய்க்கும் பலாவுக்கும் அவர் செலவழிச்சிருக்கிற அக்கறையைப் பார்த்தா எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மிளகாய், உருளைக்கிழங்கு வர்றதுக்கு முன்னாடி சமோசாவுக்குள்ள என்னதான் வச்சாங்க?
– திருச்சி வாசகி

இதுக்கு நேரடியான பதில் ஒரு புத்தகத்துல படத்தோடயே இருக்கு. மாளவத்துல மாண்டுங்கிற மலைக்கோட்டை ஊர், இப்போ மத்தியப் பிரதேசம். அங்க 1469ல இருந்து 1500 வரைக்கும் ஆண்ட கியாத் ஷா, எழுதச் சொல்லி ஆரம்பிச்ச 'நிமத்நாமா', அவர் மகன் காலத்துல முடிஞ்சுது, இப்போ லண்டன்ல பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கு. பக்கத்துக்குப் பக்கம் ஓவியம். பெரிய மீசையோட சுல்தான் உட்கார்ந்திருக்க, சுத்தி பெண்கள் அடுப்பு மூட்டறதும் கிளறறதும் வடிகட்டறதுமா இருப்பாங்க.

அதுல ஒரு சமோசா: நல்லா வெந்த கொத்துக்கறி, அதே அளவு பொடியா நறுக்கின வெங்காயம், சுக்கு, பூண்டு, பன்னீர்ல அரைச்ச குங்குமப்பூ, கூட கத்திரிக்காய் மசியல். இதை உள்ள வச்சு நெய்யில பொரிக்கணும். மிளகாயும் உருளைக்கிழங்கும் போர்ச்சுகீசியர் கப்பல் வந்ததுக்கு அப்புறம் வந்த சரக்கு, வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுல இறங்கினதே 1498ல. நாம வச்ச பேர்லயே கதை இருக்கு பாருங்க, காரத்துக்கு நமக்குத் தெரிஞ்சது மிளகு, புதுசா ஒரு காய் வந்து மிளகு வேலை பார்த்ததும் மிளகாய்னு கூப்பிட்டுட்டோம். கத்திரிக்காய் மசியல் சேர்த்து ஒரு தடவை கைமா சமோசா பண்ணிப் பாருங்க, கறி வறண்டு போகாம மெத்துனு வரும், ஏன் அதைச் சேர்க்கச் சொன்னாங்கன்னு கடிக்கிறப்போ புரியும்.

அக்பர் காலத்து கிச்சடி பண்ணலாமா?
– ஓசூர் வாசகர்

அக்பர் அரசவையில இருந்த அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில எழுதியிருக்கார்: அரிசி 5 சேர், பருப்பு 5 சேர், நெய் 5 சேர், உப்பு மூணுல ஒரு பங்கு சேர், இதுல ஏழு தட்டு வரும். நெய்யும் அரிசியும் சம அளவு, கவனிச்சீங்களா? அது அரண்மனை ஸ்டோர்ல இருந்து எவ்வளவு சாமான் எடுத்துக் கொடுக்கணும்ங்கிற கணக்கு, அடுப்புகிட்ட நிக்கிறவருக்கு எழுதினது இல்ல. தண்ணி எவ்வளவு, எப்போ எதைப் போடணும், ஒண்ணும் அதுல கிடையாது. வீட்டுல பண்ணணும்னா நெய்யை அஞ்சுல ஒரு பங்கா குறைச்சுக்கோங்க.

முதல்ல அச்சான இந்திய மொழி சமையல் புத்தகம்?
– காரைக்குடி வாசகி

வங்காளத்துல 1831ல வந்த 'பாக ராஜேஸ்வர்'தான் அங்க முதல்ல அச்சானதா சொல்வாங்க. ஆனா எனக்கு அங்க பிடிச்சவங்க பிரக்யாசுந்தரி தேவி, தாகூரோட அண்ணன் பொண்ணு, 1900 வாக்குல சைவம் அசைவம் ரெண்டுக்கும் பாகம் பாகமா எழுதினவங்க. விருந்துக்கு மெனு கார்டை வங்காளியிலேயே அச்சடிச்சு அதுக்கு ஒரு புது வார்த்தையும் கண்டுபிடிச்சவங்க, 'ராம்மோகன் தோல்மா புலாவ்'னு தான் பண்ணின ஒரு புலாவுக்குப் பேரும் வச்சாங்க.

மேடம், கோவிச்சுக்காதீங்க. நீங்க சொல்ற புத்தகம் எல்லாம் ராஜா வீடு, ஐயர் வீடு, ஜமீன் வீடு. எங்க அம்மா வைக்கிற நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, ரத்தப் பொரியல், குடல் கறி இதெல்லாம் எந்தப் புத்தகத்துல இருக்கு? எங்க சமையல் பாரம்பரியம் இல்லையா?
– ராமநாதபுரம் வாசகர்

இதுல கோவிச்சுக்க என்ன இருக்கு தம்பி, வந்த கடிதத்துலயே எனக்கு முக்கியமானது இதுதான், இதை இன்னும் முன்னாடியே போட்டிருக்கணும்.

புத்தகம் எழுத என்ன வேணும்? எழுத்து தெரியணும், பேப்பர் வாங்க காசு வேணும், எழுதினா அச்சடிச்சு வாங்க ஆள் வேணும். இந்த மூணும் யார் வீட்டுல இருந்துச்சோ அவங்க அடுப்புதான் புத்தகத்துல ஏறுச்சு. எழுதினவங்க மேல நான் குறை சொல்ல மாட்டேன், மீனாட்சி அம்மாள் தன் வீட்டுச் சமையலைத்தான் எழுதினாங்க, அவங்க வேற எதையும் எழுதறதா சொல்லவும் இல்ல. தப்பு எங்கன்னா நாம அப்புறமா அதுக்கு தமிழ்நாட்டுச் சமையல்னு பேர் வச்சதுல. இங்கிலீஷ் புத்தகங்கள்லயும் இதேதான், 1960களுக்கு அப்புறம் 'இந்தியச் சமையல்'னு வந்த புத்தகங்களை வச்சு மானுடவியல் அறிஞர் அர்ஜுன் அப்பாதுரை 1988ல ஒரு கட்டுரை எழுதினார். ஊர் விட்டு ஊர் போன நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் ரெசிபி மாத்திக்கிட்டதுல தேசியச் சமையல்னு ஒண்ணு உருவாச்சுன்னு அதுல காட்டுறார். அந்தப் பேச்சுக்குள்ள யார் இருந்தாங்க, யார் இல்லைங்கிறதுதான் உங்க கேள்வியே.

மராத்தியில ஷாஹு படோளேங்கிறவர் 2015ல ஒரு புத்தகம் எழுதினார், 'அன்ன ஹே அபூர்ண பிரம்ம'. உணவே பூரணமான பிரம்மம்னு மராத்தியில ஒரு வாக்கு உண்டு, அதைத் திருப்பி, பூரணமில்லாத பிரம்மம்னு தலைப்பு வச்சார். மகாராஷ்டிராவோட மராத்வாடா பகுதியில மஹார், மாங்ங்கிற தலித் சமூகத்து வீடுகள்ல என்ன சமைச்சாங்க, வருஷத்துல எந்த நாள்ல என்ன கிடைச்சுது, கறியை நீளநீளமா வெட்டி வெயில்ல காயவச்சு 'சான்யா'வா எப்படி எடுத்து வைப்பாங்க, ரத்தத்தை எப்படி சமைப்பாங்க, எல்லாமே அதுல இருக்கு. 2024ல இங்கிலீஷ்லயும் வந்துடுச்சு. அதைப் படிக்கிறப்போ ரெசிபியைப் படிக்கிற மாதிரியே இருக்காது, இந்த வீட்டுக்கு நெய்யும் பாலும் ஏன் வந்து சேரலைங்கிறதைப் படிக்கிற மாதிரி இருக்கும். நம்ம நெத்திலி ஓட்டுல கிடக்கிற மணம், மண்சட்டியில மொத நாள் குழம்பு மறுநாள் பழைய சோத்துக்கு மாறுறது, குடலைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவுற பக்குவம், இதையெல்லாம் அதே கனத்தோட யாராவது எழுதணும். உங்க அம்மா சொல்லச் சொல்ல நீங்களே எழுதலாமே? எங்களுக்கு அனுப்புங்க, ஒரு வார்த்தை வெட்டாம போடச் சொல்லி ஆசிரியர்கிட்ட நானே பேசறேன்.

அம்மாகிட்ட கேட்டா 'கண்ணளவுதான்'னு சொல்றாங்க. வயசாயிடுச்சு, அவங்க கைப்பக்குவத்தை எப்படி எழுதி வைக்கிறது?
– கோயம்புத்தூர் வாசகி

கேட்டு எழுதாதீங்க, பக்கத்துல நின்னு எழுதுங்க. நான் இதை என் பெரியம்மாகிட்ட தப்பாப் பண்ணிட்டு அப்புறம் திருத்தினேன். முதல் தடவை அவங்களை சோபாவுல உட்கார வச்சு நோட்டும் பேனாவுமா கேட்டேன். புளி எலுமிச்சம்பழ அளவு, மிளகாய் ஒரு கைப்பிடி, கொதிச்சதும் இறக்கிடு. எழுதிக்கிட்டு வந்து வச்சேன், பெரியம்மா குழம்பு மாதிரி வாசனைகூட வரல.

அடுத்த தடவை சமையல்மேடையிலயே எடை மெஷினை வச்சுட்டு ஒரு வேலை பண்ணினேன். அவங்களை எதையும் அளக்கச் சொல்லல. அவங்க எடுக்கிறதுக்கு முன்னாடி புளி டப்பாவோட எடை, எடுத்ததுக்கு அப்புறம் டப்பாவோட எடை, ரெண்டையும் கழிச்சா எடுத்தது எவ்வளவுன்னு தெரிஞ்சிடும். மிளகாய்த்தூள், எண்ணெய், உப்பு எல்லாத்துக்கும் அப்படித்தான். அவங்க கை எப்பவும் போல போச்சு. 'எலுமிச்சம்பழ அளவு' அன்னைக்கு 42 கிராம், நான் வீட்டுல எடுத்தது 25க்கு மேல இருந்திருக்காது, ஏன்னா அவங்க மனசுல இருந்தது தோட்டத்து எலுமிச்சம்பழம், என் மனசுல இருந்தது கடையில பத்து ரூபாய்க்கு மூணு வாங்கின பழம்.

அளவு கிடைச்சதும் நோட்டை மூடிடாதீங்க. அவங்க சொல்லாம செய்யறதுதான் நிறைய. பெரியம்மா வெந்தயத்தைப் போட்டுட்டு அடுப்பை அணைச்சுட்டாங்க, சட்டிச் சூட்டுலயே அது செவந்துச்சு. ஏன் அணைச்சீங்கன்னு கேட்டா, 'அணைச்சேனா?'ன்னு என்னையே கேட்டாங்க, அது அவங்களுக்கே தெரியல! குழம்பு கொதிக்கிற சத்தம் மாறுற இடம் ஒண்ணு இருந்துச்சு, முதல்ல சளசளன்னு இருந்தது எண்ணெய் பிரியறப்போ பொத் பொத்னு ஆச்சு, அதைக் கேட்டதும் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி வெல்லம் போட்டாங்க. அதனால போன்ல வீடியோ ஓடட்டும், மூஞ்சியை எடுக்க வேண்டாம், கையும் சட்டியும் சத்தமும் போதும். எந்தச் சட்டி, எவ்வளவு வாய் அகலம், எந்தக் கடைப் புளி, புதுப் புளியா பழம்புளியா, விறகா கேஸா இண்டக்‌ஷனா, எத்தனை பேருக்கு, இதெல்லாம் எழுதுங்க. யார்கிட்ட இருந்து அம்மா கத்துக்கிட்டாங்கன்னு ஒரு வரி, எந்த நாள்ல இதை வைப்பாங்கன்னு ஒரு வரி. பெரியம்மா அந்தக் குழம்பை அவங்க மாமியார்கிட்ட கத்துக்கிட்டாங்க, அந்த மாமியாருக்கு வெல்லம் போடுற பழக்கமே கிடையாதாம், அது பெரியம்மா தானா சேர்த்தது. முப்பது வருஷம் கழிச்சு அதை அன்னைக்குத்தான் முதல்முறையா வெளிய சொன்னாங்க.